ட்ரேட் டெஸ்ட்

“ட்ரேட் டெஸ்ட்டுன்னா சும்மா கழட்டிக் காட்டறது இல்லை, சதீஷ். முழுசா சேர்த்து, வண்டியில மாட்டி, ஓட்டிக் காட்டணும். சாயங்காலம் ஆயிடும். சம்மதமா?”

“அதுக்குத்தானே சார் வந்திருக்கேன்,” என்றான் சதீஷ்.

கேட்டவர் குருமூர்த்தி, அந்த லாரி கம்பெனியின் ஒர்க்ஷாப் ஃபோர்மேன். எங்கும் பெங்காலியே கேட்கும் கார்டன் ரீச்சில் தமிழ் பேசும் ஃபோர்மேன் ஒருவர் இருப்பார் என்று சதீஷ் நினைக்கவே இல்லை. வீடு இருக்கும் பெஹாலாவில் பஸ் ஏறும்போது இருந்த பயம், அவர் ‘வாங்க, உக்காருங்க’ என்றதுமே பாதி போய்விட்டது. அவன் வேலை பார்த்த கராஜை மூடி ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாளில் வேலை கேட்டு ஏறி இறங்கிய இடங்களில் யாரும் அவனை உட்காரச் சொன்னதுகூட இல்லை.

மேஜை மேல், லாரியின் பின் சக்கரங்களைச் சுழற்றும் டிஃப்ரென்ஷியல் அக்கக்காகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் புது கிரவுன் பல்சக்கரம், அதைச் சுழற்றும் பினியன், பேரிங்குகள். லாரியைப் பின்பக்கம் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

“மத்த மெக்கானிக் எல்லாம் எங்க சார்?”

“வெளி வேலையாப் போயிருக்காங்க. நீங்க ஆரம்பிங்க.”

சதீஷ் ஆரம்பித்தான். பேரிங்குகளை ஏற்றினான். பினியனைப் பூட்டி, கையால் சுற்றி, இறுக்கம் சரியா என்று பார்த்தான். கிரவுனை உட்கார வைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விட வேண்டிய மயிரிழை இடைவெளியை டயல் கேஜ் வைத்துச் சரிசெய்தான். ஒரு மணிக்கு, பல்லோடு பல் சேரும் தடம் தெரிய, பற்களின் மேல் நீலச் சாயம் தடவிச் சக்கரத்தைச் சுற்றினான்.

குருமூர்த்தி குனிந்து பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு?”

“இல்லை சார். தடம் பல்லோட நடுவுல விழணும். இது அடியில விழுந்திருக்கு. பினியன் கொஞ்சம் உள்ள போயிருக்கு. மறுபடி கழட்டி அடியில இருக்கற ஷிம் தகட்டை மாத்தணும்.”

“இப்படியே மாட்டினா ஓடாதா?”

“ஓடும். ஆறு மாசத்துல ஊளையிட ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள் லோடோட நடுரோட்ல பல்லு உடைஞ்சு நிக்கும்.”

“ஆறு மாசம் ஓடினாப் போதுமே. மாட்டிடுங்க.”

சதீஷ் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. கையைச் சோதித்தாயிற்று, இப்போது மனசைச் சோதிக்கிறார் என்று பட்டது அவனுக்கு.

“என் கையால அப்படி மாட்ட மாட்டேன் சார்.”

“சரி, உங்க இஷ்டம்,” என்று குருமூர்த்தி சொல்லிவிட்டுப் போய், இரண்டு மண் குவளையில் டீயோடு வந்தார். அந்தக் கேள்வியில் பாஸ் என்று சதீஷ் நினைத்துக்கொண்டான்.

மறுபடி பிரித்துப் போட்டிருந்தபோது போன் அடித்தது. ஹால்தியாவிலிருந்து. கன்டெய்னர் லாரிகள் ஓட்டும் ஒரு கம்பெனி. போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்த வேலை.

“திங்கக்கிழமை வர்றீங்களா அண்ணே? மூணு மணிக்குள்ள சொல்லிடுங்க. இல்லேன்னா நான் வேற ஆள் பார்க்கணும்,” என்று பெங்காலியில் சொன்னார் மேனேஜர்.

ஹால்தியா என்றால் அங்கேயே தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விடுவார்களா என்பதுகூட நிச்சயமில்லை. மகள் தீப்திக்கு மூன்று வயது. இந்த இடமோ வீட்டிலிருந்து ஒரே பஸ்.

சதீஷ் மறைக்காமல் குருமூர்த்தியிடமே கேட்டான். “சார், ஹால்தியாவுல வேலை ரெடியா இருக்கு. இங்க கிடைக்கும்னா அதை விட்டுடுவேன். என்ன சார் பண்ணட்டும்?”

குருமூர்த்தி அவனைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த பல்சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இப்படிப் பாதியில போட்டுட்டுப் போனீங்கன்னா முதலாளிகிட்ட நான் என்னத்தைச் சொல்றது? இவ்வளவு நல்ல கையை யாராவது விடுவாங்களா?” என்றார்.

சதீஷுக்கு அது போதுமாக இருந்தது. ஹால்தியாவுக்குப் போன் செய்து, வரவில்லை என்றான். அடுத்து மனைவி ரஞ்சனாவைக் கூப்பிட்டு, “வீட்டுப் பக்கத்துலயே கிடைச்சுடும் போலிருக்கு,” என்றான். அவள், “நிஜமாவா?” என்று மட்டும் கேட்டாள்.

இந்த முறை நீலத் தடம் பல்லின் நட்டநடுவில் விழுந்தது. இருவருமாகச் செயின் போட்டுத் தூக்கி டிஃப்ரென்ஷியலை லாரியின் பின் அச்சில் பொருத்தினார்கள். ஆயில் ஊற்றி, சக்கரங்களை மாட்டி, ஆற்றோர ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

“பத்து வருஷத்துக்கு யாரும் இதைத் தொட வேண்டாம் சார்.”

“தெரியுது,” என்றார் குருமூர்த்தி.

லாரியை உள்ளே விட்டுவிட்டு, சதீஷ் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தான். “எப்ப சார் சேரணும்? நாளைக்கேன்னாலும் வந்துடுவேன்.”

குருமூர்த்தி ஷட்டரை இழுத்துப் பூட்டினார். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

“இங்க வேலையே கிடையாது, சதீஷ். கம்பெனியை வித்து, எல்லாரையும் அனுப்பியாச்சு. ஓடாம நின்னது இந்த ஒரு லாரிதான், இதையும் ஓட வெச்சு வாங்கினவங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போன்னு சொன்னாங்க,” என்றார். “அந்த ஹால்தியா நம்பரைக் கொஞ்சம் சொல்றீங்களா? நாளையிலேருந்து எனக்கும் வேலை இல்லை.”