நாற்பத்தாறு ஊர், ஒரே ஸ்லைடு

"என்ன தூவா இது? எழுத்தா, எறும்பா?"

பக்கத்தில் நின்ற தூவாவிடம் ஹோகன் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார். ஆனாலும் மேஜையைச் சுற்றியிருந்த நகராட்சிக் குழுவின் ஏழு உறுப்பினர்களுக்கும் கேட்டுவிட்டது.

திரையில் எக்செல் அட்டவணை முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. நாற்பத்தாறு வரி, பத்தொன்பது பத்தி, ஒரே ஸ்லைடில்.

நகராட்சியின் பண்பாட்டுத் துறைத் தலைவர் ஹோகனுக்குக் காது சிவந்தது. புத்தகம் ஏற்றிக்கொண்டு நூலக பஸ் போகும் நாற்பத்தாறு ஊர்களில், வாசகர் குறைந்த பதினேழு ஊர்களை நிறுத்திவிடலாமா என்று இன்றைக்கு முடிவாக வேண்டும்.

நேற்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "பெரிய ஊர் அஞ்சைத் தனியாப் போடு. மிச்சத்தை 'மற்றவை'ன்னு ஒரே வரியில முடி. கடைசி நாற்காலிக்கும் தெரியணும்."

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பகுதி நேரமாக வேலைக்கு வரும் தூவா அப்போதே சண்டைக்கு நின்றாள். "முடிவே அந்தப் பதினேழு ஊரைப் பத்திதானே? பேரைக்கூடப் போடாம வெட்டுறது என்ன நியாயம்?"

"நியாயத்தை அப்புறம் பேசலாம். ஸ்லைடைப் போடு."

போட்டாள். கூட்டம் தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது கொண்டுவந்து நீட்டினாள். திருத்த ஏது நேரம்?

"ஹோகன், கண் டாக்டர் யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்றார் குழுத் தலைவர் கெர்டு. எல்லோரும் சிரித்தார்கள்.

"புதுப் பொண்ணு. இன்னும் பழகல" என்று ஹோகன் வழிந்தார். தூவா ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறுப்பினர்களில் ரூனேதான் முதலில் எழுந்தார். ஒரு கையில் காப்பி, மறு கையில் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி. திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினார்.

"அட, எங்க லில்வீக்! என்னையும் சேர்த்து ரெண்டே பேர், முப்பத்தொரு புத்தகமாம்."

"இன்னொருத்தர் யாருய்யா?"

"பக்கத்து வீட்டு போரியேதான். வேலித் தகராறுல இருபது வருஷமாப் பேச்சு கிடையாது. பஸ் வரிசையில நிக்கிறப்ப மட்டும் தலையை ஆட்டிக்குவோம்."

"அதையும் நிறுத்திட்டா வேலியே பத்திக்கும்!" என்றார் இன்னொருவர்.

அதற்குள் எதிர் நாற்காலி உறுப்பினர் இங்கிரிட் வந்து அவரை இடித்துத் தள்ளினாள். "நகருங்க. ஓஸ்பெரி எங்க? மூணு பேரா? அதுல ஒண்ணு என் மாமியார். பஸ் வரலைன்னா அந்தம்மா நேரா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துடும். நான் சம்மதிக்கவே மாட்டேன்!"

ஏழு பேரும் திரைமுன் குவிந்துவிட்டார்கள். ஆளுக்கொரு விரல், ஆளுக்கொரு ஊர். 'அந்த ஒருத்தர் எங்க பழைய டீச்சர்தான், இன்னும் படிக்கிறாங்களா!' என்று ஒருவர் வியந்தார். ரொட்டித் தூள் தரையெல்லாம்.

கடைசியில் கெர்டு, முடிவைச் சொல்லித் தட்டும் மரச் சுத்தியலைக் கையில் எடுத்தார்.

"சரி, இந்தப் பதினேழையும் வெட்டலாம்னு யாராவது சொல்றீங்களா?"

எல்லாத் தலைகளும் 'வேண்டாம்' என்று ஆடின. சுத்தியல் விழுந்தது. பஸ் நாற்பத்தாறு ஊருக்கும் போகும்.

ஹோகனுக்கும் உள்ளூர சந்தோஷம்தான். ஆனால் துறைத் தலைவர் என்றால் கண்டிக்க வேண்டாமா?

"ஏதோ தப்பிச்சே. அடுத்த தடவை எழுத்து பெருசா இருக்கணும்."

"சரி" என்றாள் தூவா. பாட்டுப் பாடிக்கொண்டே காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த 'சரி'தான் ஹோகனை உறுத்தியது. வாக்குவாதம் செய்யாத தூவாவை அவர் இதுவரை பார்த்ததில்லை. அவளுடைய கம்ப்யூட்டரில் ஸ்லைடு இருந்த இடத்தைத் திறந்தார்.

இரண்டு கோப்புகள் இருந்தன.

முதலாவது நேற்று மதியமே முடித்தது. பெரிய ஊர் ஐந்து, 'மற்றவை' ஒன்று, எலுமிச்சை அளவுக்கு எழுத்து. குறை சொல்ல இடமே இல்லை. கோப்பின் பெயர், 'உட்கார்ந்து வெட்டுவதற்கு'.

இன்றைக்குக் காட்டியதற்கு அவள் வைத்திருந்த பெயர், 'எழுந்து வந்து பார்ப்பதற்கு'.