பதில் இல்லை

"மெயினை அணைச்சிரட்டா சார்? காலைல பிரஸ் தானா ஒருதரம் எறங்குச்சு" என்று அடுத்த கொட்டகையில், ரப்பரைச் சூட்டில் அழுத்தி வார்க்கும் பிரஸ்ஸின் பக்கத்திலிருந்து போனில் கேட்டான் ஃபிட்டர் மாசானம்.

"வேணாம்ப்பா, திரும்பச் சூடேற ஒரு மணி நேரமாகும். விடிஞ்சதுலேர்ந்து நான் சொல்றது எதுவும் மிஷினுக்குக் கேக்கவே இல்ல. பயந்து சாவாம உள்ள கையவிட்டு அச்சைத் துடை" என்று சொல்லி போனை வைத்தார் இன்ஜினியர் இருதயராஜ்.

லேப்டாப்பில் மறுபடியும் 'இறக்கு' என்று கொடுத்தார். 'பதில் இல்லை' என்றது திரை. எரிச்சலில் இன்னும் மூன்று முறை கொடுத்தார். பிறகு பிரஸ்ஸுக்குப் போகும் கேபிளைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்தார். கட்டளை போகும் கம்பி நன்றாகவே இருந்தது. பதில் வரும் கம்பிதான் அறுந்திருந்தது.

மாசானத்தின் போனுக்கு அடித்தார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் மூன்று முறை அடித்தார்.