வேற மாத்திரை இல்லீங்க

“அம்மாவை எழுப்பாதே சுபியா! நாலு மாசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கிகினு இருக்கா,” என்று மகளை வாசலிலேயே மடக்கினார் லுங்கி வியாபாரி அப்துல் ஷுக்கூர்.

“மணி பத்தாகுதே அத்தா?”

“புற்றுநோய் வலிக்கு அரக்கோணம் டாக்டர் மாத்திரை, தூக்கத்துக்கு நேத்து நம்ம திருத்தணி டாக்டர் மாத்திரை. ரெண்டையும் சேர்த்துக் குடுத்தேன்.”

“வலி மாத்திரை சாப்பிடறதை திருத்தணி டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“கேட்டாரு. ‘வேற மாத்திரை இல்லீங்க’ன்னுட்டேன். இன்னொரு கடையிலயும் வாங்கறோம்னு எந்தக் கடைக்காரன்கிட்டயாவது சொல்லுவோமா?” என்று சிரித்தார். “ராத்திரியெல்லாம் பெரிய குறட்டை. விடியக்காலைலதான் நின்னுச்சு.”

“ஐயோ, ரெண்டும் சேர்ந்தா மூச்சே அடங்கிடும் அத்தா!”

மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் சுபியா உள்ளே ஓடினாள். அம்மாவின் கை சில்லிட்டிருந்தது.

பின்னாலேயே வந்த ஷுக்கூர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“டாக்டருக்குப் போன் போடும்மா… ரெண்டையும் சொல்லிடறேன்.”