டோர்கஸ் அத்தையின் புதர்

வினிகரில் கையை முக்கி முக்கித் தேய்த்தாள் லெட்டி. விரல் இடுக்கில் ஏறியிருந்த கருஞ்சிவப்பு அசைந்து கொடுக்கவில்லை.

"யாரைடி கொன்னுட்டு வந்தே?" என்றான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் ரூபன்.

"சும்மா இருங்க."

"அதானே! உங்கம்மா உயரம்தானே நீயும். முயலுக்குக்கூட உன்னைப் பார்த்தா பயம் வராது."

லெட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பில் பிளாக்பெர்ரி ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வெக்கையிலும் ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தாள். பக்கத்து வீட்டுக்கு வாசனை போய்விடக் கூடாதே!

பக்கத்து வீட்டில் டோர்கஸ் அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஜூன் மாதம், வேலி தாண்டும் படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு போய்விட்டது. தேவாலய வாசலில் தலை குனிந்து நுழைகிற நெட்டை மனுஷி, இப்போது கட்டிலில் மடங்கிக் கிடந்தாள்.

செப்டம்பர் வந்தால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பாதையோரத்து முள்வேலியில் முட்டி மோதி, புளிப்பும் புழுதியுமாகப் பறித்துக்கொண்டு வருவார்கள். டோர்கஸ் அத்தை மட்டும் விடியலில் தனியாகப் போவாள். திரும்பும்போது கூடை நிறையக் கட்டைவிரல் பருமனில் பழம் இருக்கும். எங்கே என்று கேட்டால், "கால் போன இடத்துல" என்பாள்.

போன வருஷம் லெட்டி ஒளிந்து ஒளிந்து அவள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டாள். கைவிட்ட கல்குவாரிக்கு அப்பால், வெளியே தெரியாத ஒரு பள்ளத்தில் இருந்தது அந்தப் புதர். இந்த வருஷம் அத்தை எழுந்திருக்க மாட்டாள் என்று தெரிந்ததும், கால் தன்னால் அங்கே போய்விட்டது.

நல்ல பழமெல்லாம் உச்சிக் கிளையில். எட்டுமா என்று நினைத்தபோதுதான் புதரடியில் கிடந்த தட்டைக் கல்லைப் பார்த்தாள். பாசி படர்ந்து, பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. ஏறி நின்றால், அளவெடுத்துப் போட்டதுபோல் கை சரியாக எட்டியது.

கூடை நிறைந்தது. ஆனால் திரும்பி நடக்கும்போது அவளுக்குத் தலை நிமிரவில்லை.

அம்மா கண்ணை மூடியபோது லெட்டி சின்னப் பெண். அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டது, கல்யாணத்துக்கு உடுப்பு தைத்தது, இரண்டு பிரசவத்துக்கும் கூடவே இருந்தது எல்லாம் இந்த டோர்கஸ்தான். ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'அவ விழுந்து கிடக்கிற நேரம் பார்த்து, அவ பொத்தி வச்ச இடத்துலயே கை வச்சியே, பாவி' என்று மனசு இரண்டு நாளாய்க் குடைந்தது.

கையைக் கம்பளிச் சால்வைக்குள் பாதி மறைத்துக்கொண்டு, பார்லி சூப்பை எடுத்துப் போனாள்.

"வாடி. இன்னும் கொஞ்ச நாள்ல மிக்கேல் திருநாள். அன்னைக்கு ராத்திரி சாத்தான் வந்து பழத்து மேல துப்பிடுவான்னு சொல்வாங்களே, அப்புறம் வாயில வைக்க ஆகாது. நீ பறிச்சியா?"

"பறிச்சேன் அத்தை. ரயில் பாதை ஓரத்துல."

"அது பூரா ரயில் புகைக் கரிதானே? பழமா அது?"

லெட்டி குனிந்தபடியே சூப்பைக் கலக்கினாள். ஆறிப்போன சூப்பில் கலக்குவதற்கு ஒன்றுமில்லை.

"கதவைச் சாத்திட்டு இப்படி வா" என்றாள் டோர்கஸ். "இனிமே நான் நடக்கப் போறதில்லை. டாக்டர் வாயைத் திறந்து சொல்லலை, மூஞ்சியே சொல்லிச்சு. என் பழம் இருக்கிற இடத்தைச் சொல்றேன், கேட்டுக்கோ. அது உனக்குத்தான் சேரணும்."

அவ்வளவுதான், லெட்டி உடைந்துபோனாள்.

"சொல்லாதீங்க அத்தை! எனக்குத் தெரியும். போன வருஷம் உங்க பின்னாடியே ஒளிஞ்சு வந்தேன். முந்தாநாள் போய்க் கூடை நிறையப் பறிச்சிட்டு வந்துட்டேன். நீங்க இங்கே வலியில துடிக்கிறீங்க, நான் அங்கே... உங்க ரொட்டியைத் தின்னு வளர்ந்தவ, உங்ககிட்டயே திருடிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தாள். டோர்கஸின் நாக்குக்குப் பாதிரியாரே பயப்படுவார்.

திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அத்தையின் கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அழாதே. நானும் ஒருத்தி பின்னாடி அப்படித்தான் ஒளிஞ்சு போனேன்" என்றாள். "அவ பிள்ளை பெத்துப் படுத்திருந்த சமயம், ஒண்ணு விடாம பறிச்சேன். எழுந்து வந்து கேட்டா, 'பறவை தின்னிருக்கும்'னு கூசாம சொன்னேன். அடுத்த வருஷம் அவளுக்கு முன்னாடியே போய் நின்னேன். என்னைப் பார்த்தா. ஒரு வார்த்தை பேசலை. வெறுங்கூடையோட திரும்பிப் போனவ, அப்புறம் அந்தப் பக்கமே வரலை. சண்டை போட்டிருந்தாக்கூட மறந்திருப்பேன்."

"யாரு அத்தை அது?"

டோர்கஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உங்கம்மாடி."