பெரிய ஸ்பீக்கரின் ஆசை

"ஊரே கேட்கக் கத்துகிறவனை..." என்று பழமொழி சொல்லத் தொடங்கும் காரின் பழைய ஹாரன்; மிச்சம் அதற்கே மறந்துவிடும்.

அதே காரின் பின்புறத்துப் பெரிய ஸ்பீக்கர், எந்தக் காரின் ஸ்பீக்கர் அதிகம் அலறுகிறது என்று பார்க்கும் சத்தப் போட்டியில் மூன்று வருஷமாக முதல் பரிசு வாங்குகிறது. சத்தத்தை அளக்கும் மீட்டரை மட்டும் காருக்கு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, முதலாளி இருதயராஜ் காதைப் பொத்திக்கொண்டு தூரப் போய்விடுவார்.

"என் பக்கத்தில் ஒருநாளாவது உட்கார்ந்திருக்காரா?" என்று பெரியது ஏங்கியது.

"உட்கார்ந்தா செவிப்பறை கிழியும்ண்ணே!" என்று சிரித்தது கதவிலிருந்த குட்டி ஸ்பீக்கர். "போன வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மனுஷன் பதறிப்போய்க் காதை என்மேலேயே வெச்சுக் கேட்டார். மீசை குத்துச்சு."

"மீசையா?"

அன்றைய போட்டியிலும் கதவு சாத்தியாயிற்று. வெளியே இருதயராஜ் காதைப் பொத்தினார். தொடங்கச் சொல்லிக் கொடி அசைந்தது.

பெரிய ஸ்பீக்கர் இருந்த மூச்சையெல்லாம் அடக்கிக்கொண்டு, தொண்டை கட்டியதுபோல் கரகரவென்று மெல்ல முனகியது.