இன்னொரு சுற்று

"உக்கார ஒரு ஸ்டூல் வேணும் அண்ணாச்சி."

கடையில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று முதல் நாளே சொல்லி வைத்தது இசக்கியக்காதான்.

முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். தி.நகரில் நாலு மாடி ஜவுளிக்கடை அவருடையது.

"யாருக்கு, உனக்கா?"

"இசக்கியக்காவுக்கு. பதினோரு வருசமா நிக்கிறாங்க. கால் நரம்பெல்லாம் சுருண்டு கெடக்கு. இனிமே நிக்கவே கூடாதுன்னு ராயப்பேட்டை ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

"போன மாசந்தானே எல்லாரையும் கொடைக்கானல் கூட்டிட்டுப் போயி போட்டுல உக்கார வச்சேன்? அது போதாதா?"

மேனேஜர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்காவைக் கூட்டிவரப் போனார்.

நின்றேன். அண்ணாச்சிக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன.

சுவரில் அந்த ஏரிப் படம். கரையில் நாங்கள் நாற்பது பேர், நடுவில் அண்ணாச்சி. எல்லோர் முகத்திலும் வெயில்.

படம் எடுத்து முடித்துத்தான் படகில் ஏறினோம். பங்குனி மாதம், யாரும் ஸ்வெட்டர் கொண்டுபோகவில்லை. ஏரி நடுவில் போனதும் மூடுபனி இறங்கிக் கரையே காணாமல் போனது. ஆலங்கட்டி கொட்டியது. மற்ற படகுகள் எல்லாம் அலறிக்கொண்டு திரும்பின.

எங்கள் படகில் நானும் அக்காவும் மட்டும். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்ப் பலகையில் காலை நீட்டியிருந்தார். பல் தந்தியடித்தது. மடியில் ஐஸ் சேர்ந்துகொண்டே போனது. தட்டிவிடக்கூட இல்லை.

"கரைக்குப் போயிரலாம்மா," என்றார் படகுக்காரர்.

"இன்னொரு சுத்து போங்கண்ணே. பகல்ல இப்படி உக்காந்து எத்தன வருசமாச்சு."

அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், கடையில் ஒருநாளும் கூப்பிடாத மாதிரி அவரை ஒரு தடவை கூப்பிட்டேன். பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

அண்ணாச்சி அறைக் கதவு திறந்தது. அக்கா ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஸ்டூல் வேணுமாமே உனக்கு?"

"அய்யோ, எனக்கெதுக்கு அண்ணாச்சி? நின்னாத்தான் எனக்குத் தோது. இந்தப் புள்ள ஏதோ உளறுது."

"நாலெழுத்து படிச்ச புள்ளைய வேலைக்கு வச்சா இதான் தொல்லை. ஆமா, இவ உனக்கு என்ன வேணும், உனக்காக வந்து சண்ட போடுதா?"

"யாரும் இல்ல அண்ணாச்சி. ஹாஸ்டல்ல பக்கத்துப் பாயி."

ஓங்கி மேசையில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

கழுத்திலிருந்த கடை அட்டையைக் கழற்றி, ராஜினாமா கடிதத்தோடு மேசையில் வைத்தேன். கொடைக்கானலிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே எழுதியது. ஸ்டூல் கிடைத்திருந்தாலும் கொடுத்திருப்பேன். என் பை ஏற்கெனவே கீழே வாட்ச்மேனிடம் இருந்தது.

வேலைக்குச் சேரும்போது ஃபாரத்தில் அப்பா பேர் கேட்டார்கள், எழுதினேன். அம்மா பேரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் எழுதியிருப்பேன். ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேரை இந்தக் கடை வைத்துக்கொள்ளாது. தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. பி.காம். இசக்கியம்மாள் நின்று வாங்கித் தந்தது.

நான் போய்விட்டால் அவர் மறைக்க ஒன்றும் இருக்காது. அப்புறமாவது வாயைத் திறந்து கேட்கட்டும்.

காலி நாற்காலி ஒன்றை இழுத்து அம்மா பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.