ஆளில்லாத வண்டி

"விடியக்காலையில தண்டவாளத்துகிட்ட குனிஞ்சு என்ன பண்ணிட்டிருந்தே, பூவராகன்? வாட்ச்மேன் பார்த்திருக்கான்."

எஞ்சினியர் ஜெபராஜின் குரலில் சூடு. இருக்காதா பின்னே? தாம்பரம் தொழிற்சாலைக்குள் ஆட்களை ஏற்றிப்போகும் ஒற்றை ரயில் பெட்டியை, டிரைவர் இல்லாமலே ஓடும்படி மாற்றியிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அது லேசுப்பட்ட காரியமா? இன்னும் அரை மணியில் அதிகாரிகள் முன்னால் சோதனை ஓட்டம். அது ஜெயித்தால், ஆறு வருஷமாய் அந்தப் பெட்டியை ஓட்டிய பூவராகனுக்கு வேலை போய்விடும்.

"தூறல் வுழுது சார். தண்டவாளம் நனைஞ்சா வண்டி வழுக்கும். அதான்..."

"உன் கவலை வண்டியைப் பத்தி இல்ல, வேலையைப் பத்தி. ஏதாச்சும் கோளாறு பண்ணி வெச்சிருக்கியா? முதல்ல கேட்டுக்கு வெளியே போ."

பூவராகன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கேட் ஓரத்தில் கடலை வறுத்து விற்கும் அவர் மனைவி குப்பம்மா, அன்று காலி வாணலியோடு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஜெபராஜ் பெட்டியை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை.

அதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். ஏறத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

"என் பொண்ணு போவா சார்," என்று ஜெபராஜ் வீறாப்பாகச் சொல்லி, பத்து வயது யூனிஸை முன் சீட்டில் உட்கார வைத்தார்.

பெட்டி கிளம்பியது. தண்டவாளம் முடியும் இடத்தில் கான்கிரீட் சுவர். அதற்கு நூறு அடி முன்னால் பெட்டி தானாகவே பிரேக் போட்டது.

சக்கரம் நின்றது. பெட்டி நிற்கவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போனது.

"யூனிஸ்..." ஜெபராஜ் பெட்டியின் பின்னால் ஓடினார். அந்தப் பாவி ஏதோ செய்துவிட்டான் என்றுதான் தோன்றியது.

திடீரென்று கரகரவென்று ஒரு சத்தம். சுவருக்கு இரண்டு முழம் முன்னால் பெட்டி நின்றது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ஆளே வேண்டாம்னு நிரூபிச்சிட்டீங்க, மிஸ்டர் ஜெபராஜ்," என்றார் பெரிய அதிகாரி.

ஜெபராஜ் மகளைக் கட்டிக்கொண்டார். பிறகு குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார். கடைசி ஐம்பது அடிக்கு இரண்டு பக்கமும் சீராக மணல் தூவியிருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். சலித்த மணல். கருகிய கடலைத் தோல் விரலில் ஒட்டியது.

"இதென்ன மணல்? யார் போட்டது?" என்றார் பெரிய அதிகாரி.

ஜெபராஜ் கேட் பக்கம் பார்த்தார்.

"எங்க டிரைவர், சார்."